சுவருக்கு முன்னால் கூட்டம்: காணிக் குடியிருப்புகளில் சமூகக் கலை, ஒரு தொடக்க விளக்கம்

ஊர்ச் சுவரில் ஒரு புலி, ஒரு மயில், பக்கத்தில் பச்சை எழுத்தில் "காடுகளைக் காப்போம்". பாபநாசம் மலையேறும் சாலையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த மலையடிவாரத்திலும் இப்படி ஒரு சுவர் கண்ணில் படும். டவுனில் இருந்து பெயிண்டர் வருகிறார், இரண்டு நாளில் முடிக்கிறார், போகிறார். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இது விளம்பர ஓவியம், சமூகக் கலை அல்ல.

எதை வரைவது என்று முடிவெடுப்பவர்கள், வரைபவர்கள், வரைந்த பிறகு அதற்குச் சொந்தக்காரர்கள் ஆகிய மூவரும் அந்த ஊர்க்காரர்களாகவே இருந்தால் அதைச் சமூகக் கலை எனலாம். ஓவியர் ஒருவர் கூட இருப்பார். அவர் வேலை கையைப் பழக்குவது, நிறம் கலக்கச் சொல்லித் தருவது, சுவர் உரியாமல் பார்த்துக்கொள்வது. சுவரோவியம் மட்டுமல்ல, பாட்டு, நாடகம், பாய் முடைவது, தரையில் வரையும் வரைபடம் எல்லாமே இதில் அடங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சுவர் கண்முன்னே நிற்பதால், பொதிகை மலைப் பழங்குடிகளான காணிகளின் ஊர்களை வைத்து எழுதும் இந்தக் கட்டுரை சுவரைப் பிடித்துக்கொண்டே போகிறது. உண்மையில் வேலையின் முக்கால் பங்கு சுவரைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

யாருடைய காடு, யாருடைய கலை

திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் பொதிகை மலை. களக்காடு, முண்டந்துறை என்று தனித்தனியாக இருந்த இரண்டு சரணாலயங்களை 1988இல் சேர்த்துத்தான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். காணிக்காரர்கள் இந்த மலையின் பழங்குடிகள். அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, சேர்வலாறு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, காரையாறு அணைக்கு மேலே உள்காட்டில் இஞ்சிக்குழி என்று அவர்களுடைய குடியிருப்புகள் பிரிந்து கிடக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவர்களுடைய உறவினர்கள் இருக்கிறார்கள். பேச்சில் மலையாளச் சாயல் கலந்திருக்கும்.

வெளியூர்க்காரர்கள் அடிக்கடி செய்யும் குழப்பம் ஒன்று உண்டு. காணி வேறு, கணியான் வேறு. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் மகுடம் என்னும் தோற்கருவியை அடித்து ஆடும் கணியான் கூத்துக்காரர்கள் சமவெளிக்காரர்கள். "காணிகளின் மகுடாட்டம்" என்று சுவரில் எழுதிவைத்தால் இரண்டு சமூகத்தாரும் முகம் சுளிப்பார்கள். காணிகளிடம் இருப்பது சாற்றுப்பாட்டு. நோய் தீரவும் குடி நலமாக இருக்கவும், பிலாத்தி என்னும் மருத்துவர் கொக்கரையை உரசிக்கொண்டு பாடுவது. கொக்கரை என்பது வரி வரியாகப் பல் வெட்டிய இரும்புக் குழல். இரும்புக் கம்பியால் அதைத் தேய்த்தால் கரகரவென்று தாளம் வரும்.

அதைவிடப் பெரிய தவறு வார்லி. வட்டத் தலை, இரண்டு முக்கோணம் சேர்ந்த உடம்பு, சுற்றிச் சுற்றி ஆடும் வெள்ளை உருவங்கள். மகாராஷ்டிரத்தின் பால்கர் பக்கத்துப் பழங்குடிகளின் ஓவியம் அது. தமிழ்நாட்டில் "பழங்குடி ஓவியம்" என்றாலே பள்ளிக்கூடச் சுவரிலிருந்து ஓட்டல் வரவேற்பறை வரை இதைத்தான் வரைகிறார்கள். காணி ஊரில் வார்லி வரைவது, நெல்லைக் கோயில் கொடையில் பஞ்சாபிப் பாட்டுப் போடுகிற மாதிரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், யாருக்கும் சொந்தமாக இருக்காது.

வார்லியிடம் கற்றுக்கொள்ள வேறொரு விஷயம் இருக்கிறது. கல்யாண வீட்டுச் சுவரில் அதை வரைந்தவர்கள் பாரம்பரியமாகச் சுமங்கலிப் பெண்கள். 1970களில் ஜிவ்யா சோமா மாஷே என்ற கலைஞர் அதைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்து உலகறியச் செய்தார். 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தை வந்ததும் ஆண்கள் பெருமளவில் அந்தத் தொழிலுக்கு வந்தார்கள். பணமும் பெயரும் வருகிற இடத்தில் பெண் கை பின்னுக்குப் போவது எங்கும் நடப்பதுதான். முதல் நாளே அதற்கு வழி செய்யாவிட்டால் காணி ஊரிலும் அதுவே நடக்கும்.

சரி, காணிகளுக்கென்று பழைய சுவரோவிய மரபு இல்லையென்றால் எந்தப் பாணியில் வரைவது? பாணியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்த காட்டை அவர்களுக்கு வருகிற கோட்டில் வரைந்தால் போதும். மூங்கில் பின்னலின் குறுக்கு நெடுக்கு, கொக்கரையின் பல்வரிசை, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) இலையின் விரல்கள் எல்லாம் கரைக்கோலமாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஓவியம் காட்டுக்கு என்ன செய்யும்?

படத்தைப் பார்த்து மனம் மாறி யாரும் மரம் வெட்டுவதை நிறுத்திவிடுவதில்லை. ஓவியத்தின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தனிநபர் பட்டா மட்டும் தருகிற சட்டமல்ல அது. ஊர் காலங்காலமாகப் பயன்படுத்திய காட்டை ஊரே பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. தேன், குங்கிலியம், நெல்லி, கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்கள் மீதும் உரிமை உண்டு. இதற்கு மனுச் செய்யும்போது ஊரின் எல்லை எது, எந்த இடம் எதற்குப் பயன்பட்டது என்று காட்ட வேண்டும். புனித மரம், சோலை, சுனை, ஆற்றங்கரை, சுடுகாடு ஆகியவற்றையும், மூத்தவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக வைக்கலாம் என்று விதிகள் சொல்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் வேண்டும்.

இங்கேதான் சமூகக் கலை வேலைக்கு வருகிறது. காட்டின் வரைபடத்தை ஊரே உட்கார்ந்து வரையும்போது, மூத்தவர்களின் தலைக்குள் இருக்கும் இடப்பெயர்கள் வெளியே வருகின்றன. எந்த ஓடை எந்த மாதம் வற்றும், வெடிப்பலா எந்தச் சரிவில் நிற்கிறது, அதைத் தேடிச் சிங்கவால் குரங்கு எப்போது வரும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்பதெல்லாம் பதிவாகும். அதை அப்படியே மனுவோடு வைத்துவிட முடியாது. அளந்து, எழுதி, கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். ஆனால் இந்த வரைபடம் இல்லாமல் அந்த எழுத்து வேலை தொடங்கவே தொடங்காது.

பெண்கள் சேதிக்கு வருவோம். மணமானவர்களுக்குத் தரும் வன உரிமைப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனுக்களைச் சரிபார்க்கக் கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். 2012இல் திருத்திய விதிகளின்படி கிராம சபைக்குப் பாதி உறுப்பினர்கள் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். தாளில் இவ்வளவும் இருக்கிறது. கூட்டத்தில் நடப்பது என்னவென்றால், பெண்கள் கையெழுத்துப் போட வருகிறார்கள், பேசுவதில்லை.

சுவரில் பெண்ணை வனதேவதையாக, கூந்தலெல்லாம் கொடியாக, வயிற்றில் பூமி உருண்டையோடு வரைவது இதை மாற்றாது. அந்த மாதிரிப் படங்கள் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கின்றன. இரண்டு பெயர் எழுதிய ஒரு பட்டாவைக் கதவளவு பெரிதாக வரையுங்கள். அடுத்த நாளே "எங்க பட்டாவுல என் பேரு இருக்கா?" என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும்.

தரையில் தொடங்குங்கள்

நேராகச் சார்ட் பேப்பரையும் ஸ்கெட்ச் பேனாவையும் கொடுத்தால், படித்த இரண்டு இளைஞர்கள் கையில் அவை போய்விடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே தரை. கூட்டிப் பெருக்கிய, நிழலுள்ள இடம், சுமார் 15 அடிக்கு 15 அடி. கோலப்பொடி 2 கிலோ, செங்கல் பொடி ஒரு கிலோ, அடுப்புக்கரி, கூழாங்கல், காய்ந்த இலை, குச்சி போதும். தரையில் வரைந்ததைக் கலைத்துவிட்டு மறுபடி வரையலாம் என்பதால் யாருக்கும் பயமில்லை.

பெண்கள் ஒரு வரைபடம், ஆண்கள் ஒரு வரைபடம், தனித்தனி இடத்தில். அடுத்த நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். ஆண்கள் படத்தில் பொதுவாகத் தூரத்துத் தடங்கள், தேன் எடுக்கும் பாறைகள், செக்போஸ்ட், ரோடு வரும். பெண்கள் படத்தில் தண்ணீர், விறகு, கிழங்கு தோண்டும் இடம், தனியாகப் போகப் பயப்படும் வளைவு, பிள்ளைகள் பஸ் ஏறும் இடம், பிரசவத்துக்குக் கீழே இறங்கும் வழி வரும். ஒரே காட்டை இரு விதமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சுவரில் ஏற்றினால் ஊரின் பாதி அறிவு வெளியே நிற்கும்.

ஆற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஆறு, அணை, பெரிய ஓடை, பிறகு வீடுகள், பிறகு பாதைகள். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். "உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் ஒரு அமைதி விழும், அப்புறம் யாராவது வெளியாளுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். "அக்கா, இந்த ஓடை எந்த மாசம் வத்தும்?" என்றால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அதில் இரண்டு பேர் சண்டையும் போடுவார்கள். அந்தச் சண்டைதான் உங்களுக்கு வேண்டியது.

நேரத்தைப் பெண்கள் குறிக்கட்டும். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வர முடியாது, மாலை ஆறுக்கு வைத்தால் அடுப்பு அழைக்கும், யானையும் இறங்கும். மதியம் இரண்டிலிருந்து நாலு பெரும்பாலும் சரிப்படும், அதையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூலி கொடுத்து வைப்பது ஆடம்பரமல்ல, பெயிண்டைப் போலச் செலவில் ஒரு வரி. மூட்டுக்காணி என்னும் ஊர்த் தலைவரிடம் முதலில் சொல்லாமல் பெண்களை மட்டும் கூட்டினால், கூட்டம் இரண்டாம் நாளே கலையும். அவரிடம் அனுமதி வாங்குங்கள், ஆனால் அவரைப் பெண்கள் வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள்.

காற்றும் ஆடும் வருவதற்குள், அதே நாளில், வரைபடத்தைப் போட்டோ எடுத்துத் தாளுக்கு மாற்றிவிட வேண்டும். அந்தத் தாளின் மூலப்படி ஊரில் இருக்கும், நகல்தான் வெளியே போகும்.

சுவரில் ஏறக்கூடாதவை

தரையில் வந்ததெல்லாம் சுவருக்குப் போகக்கூடாது. மருந்துச் செடி முதல் எச்சரிக்கை.

1987இல் பொதிகையின் (அகத்தியமலையின்) கேரளப் பக்கம் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாக வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்குத் தர ஏற்பாடாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு அது. ஆனாலும் செடியைப் பற்றிச் சொன்னவர்கள் சிலர்தான், அந்த அறிவோ காணிகள் எல்லாருக்கும் சொந்தமானது, பிலாத்திகளைக் கேட்டீர்களா என்ற கேள்வி எழுந்தது. செடியின் பெயர் பரவியதும் காட்டிலிருந்து பிடுங்கி விற்பதும் நடந்தது.

சுவரோவியமும் ஒரு வெளியீடுதான். செடியின் படம், பக்கத்தில் பெயர், கீழே "மூட்டுவலிக்கு" என்று எழுதிவிட்டால் போன் வைத்திருக்கும் யாரும் அதை எடுத்துப் போகலாம். மரபறிவின் மீது ஊருக்கு உள்ள உரிமையை வன உரிமைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. அந்த உரிமையை நாமே சுவரில் கொட்டிவிடக்கூடாது. செடியை வரையலாம், பயனை எழுத வேண்டாம். தேன் பாறை இருக்கும் இடம், குங்கிலிய மரம் நிற்கும் சரிவு, சாற்றுப்பாட்டின் வரிகள், சாமி இருக்கும் இடம் ஆகியவற்றை வரையலாமா என்று ஊர்தான் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்றால் காரணம் கேட்காதீர்கள்.

சுவர்

பள்ளி, அங்கன்வாடி, சமுதாயக்கூடம், வனத்துறைக் கட்டடம் என்று எந்தச் சுவரானாலும் உரிய துறையிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். குடியிருப்புகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வெளியாட்கள் போய்வர அம்பாசமுத்திரம் கோட்ட வனத்துறை அனுமதியும் தேவை. மாலையில் செக்போஸ்ட் மூடுவதற்குள் இறங்க வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு உண்மையில் கிடைப்பது ஆறு மணி நேர வேலை.

மாதம் முக்கியம். ஜூனில் சாரல் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. பொங்கல் கழிந்து மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. ஏப்ரலில் கோடை இடிமழையும் வரும், காட்டுத்தீ வேலைக்கும் ஆள் போய்விடும்.

பத்தடி உயரச் சுவரைப் பார்த்ததும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். பத்தடி என்றால் சாரம் கட்ட வேண்டும். சாரத்தில் ஏறுபவர்கள் இளைஞர்கள், கீழே நின்று டப்பா எடுத்துக் கொடுப்பவர்கள் பெண்கள் என்று முதல் மணி நேரத்திலேயே வேலை பிரிந்துவிடும். ஏழடி உயரம், 28 அடி நீளம் உள்ள சுவரிலேயே 196 சதுர அடி இடம் கிடைக்கும். ஒரு மரப்பெஞ்சு போதும், எழுபது வயதுப் பாட்டியும் மேல் வரிசையைத் தொடுவாள். பெண்களைப் பங்கெடுக்க வைக்க எத்தனையோ பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள், சுவரின் உயரத்தை யாரும் பார்ப்பதில்லை.

சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கை வெள்ளையானால் அது சுண்ணாம்பு அடித்த சுவர். அதன்மேல் நேராக எமல்ஷன் (நீரில் கலக்கும் பெயிண்ட்) அடித்தால் அடுத்த மழைக்குள் பொருக்குப் பொருக்காக உரியும். கம்பித்தூரிகையால் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிறகுதான் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. புதிதாகப் பூசிய சுவரென்றால் 28 நாள் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்னும், உப்பும் பூக்கும். ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை அடி பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாரில்லை.

இந்த அளவுச் சுவருக்கு வெளிப்புறப் பிரைமர் 2 லிட்டர், சொரசொரப்பான பூச்சு என்றால் இரண்டரை. பின்னணிக்கு வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர், இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் காய வேண்டும். படத்துக்குக் காவி, மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு, வெள்ளை, இலைப்பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் தாராளம். வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் என்னும் பாட்டில் நிறமி கலந்து நிறம் உண்டாக்குவதானால் லிட்டருக்கு 30, 40 மில்லியோடு நிறுத்துங்கள். அழுத்தமாக வரட்டுமே என்று பாட்டில் முழுவதையும் ஊற்றினால் பெயிண்ட் சரியாகக் காயாது, பிசுபிசுக்கும், வெயிலில் வெளிறும். அழுத்தமான நிறம் வேண்டுமென்றால் கடையிலேயே கலந்து வாங்குவது நல்லது. பளீரென்ற சிவப்பும் ரோஸும் முதலில் வெளிறுபவை, காவியும் மஞ்சள் ஆக்சைடும் நின்று தாக்குப்பிடிக்கும்.

தாளில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி. 7 அங்குலத்துக்கு 28 அங்குலத் தாளில் படத்தை முடித்துக் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். சுவரில் காவிப்பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து அடித்தால் கோடு விழும். கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவதால், "எனக்கு வரையத் தெரியாது" என்பவர்கள் கையும் ஓடும். கீழே தரையோடு ஒட்டிய ஒன்றரை அடியை வெறும் காவியாக விடுங்கள். மழைச்சேறு தெறிப்பதும் ஈரம் ஏறுவதும் அங்கேதான். அதைக் கோயில் மதில் போலச் சிவப்பு வெள்ளைப் பட்டை ஆக்காமல் இருந்தால் சரி.

மேற்குப் பார்த்த சுவரில் மதியத்துக்கு மேல் வேலை செய்யாதீர்கள், தூரிகை ஓடும்போதே காய்ந்து கோடு கோடாக நிற்கும். திறந்த டப்பாவை விட்டுச் சாப்பிடப் போனால் நாட்டுக்குரங்கு தன் பங்குக்கு ஓவியம் போடும். தூரிகை கழுவிய நீரை ஓடையில் ஊற்றக்கூடாது, கீழே அதுதான் தாமிரபரணி. வாளியில் ஒரு ராத்திரி தெளியவிட்டு, தெளிந்ததை ஓடைக்குத் தூரத்தில் மணல் குழியில் விட்டு, அடியில் நிற்கும் கசடையும் காலி டப்பாக்களையும் மலைக்குக் கீழே கொண்டுபோங்கள்.

கூலியும் கையெழுத்தும்

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள்கூலி. பெண்ணின் கூலி அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், "வீட்டுக்காரர்ட்ட குடுத்திட்டோம்" என்ற பேச்சே இருக்கக்கூடாது. மொத்தச் செலவில் பெயிண்டைவிட ஊராருக்குக் கொடுத்த கூலி கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கடைக்காரருக்கு நடந்த திட்டம். மூலையில் வரைந்தவர்கள் பெயரெல்லாம், எழுதச் சொன்ன முறையில், எழுதக் கூடாதென்றவர்களை விட்டு, எழுத வேண்டும். நிதி தந்தவர்களின் சின்னம் அந்தப் பெயர்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். சுவரில் வாசகம் வேண்டுமென்றால் காணிப் பேச்சிலேயே, தமிழ் எழுத்தில் எழுதலாம். அதைப் பாடநூல் தமிழாகத் திருத்தும் ஆசிரியர் கட்டாயம் ஒருவர் வருவார், அன்போடு தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.

மலைமேல் ஒரு சுவர் முடிந்த பிறகு அடிவாரத்துச் சுவரைப் பற்றி யோசிக்கலாம். அது வேறு ஆட்களிடம் பேச வேண்டிய சுவர். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. பாபநாசம் படித்துறையில் பரிகாரமென்று உடுத்திய துணியை ஆற்றில் விடுவது நெடுநாள் பிரச்சினை. அந்தச் சுவருக்கு வரைபடம் வேண்டாம். துணி போய்ச் சிக்கும் இடம், கீழே அந்த நீரைக் குடிப்பவர்கள் என்று நடந்துபோகிற வேகத்தில் புரியும் நாலு படம் போதும். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே, சாரல் விட்ட இடைவெளியில் முடித்திருக்க வேண்டும். அந்தத் தேதி கிடைக்காதென்று தெரிந்தால் துணியில் வரைந்து கட்டிவிடுங்கள், சுவர் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.

ஒரு வருடம் கழித்து வேலையை எப்படி அளப்பது? எத்தனை பேர் போட்டோ எடுத்தார்கள் என்று எண்ணாதீர்கள். கிராம சபைக் குறிப்பேட்டைத் திறந்து எத்தனை பெண்கள் வந்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள், தீர்மானத்தில் யார் சொன்ன இடப்பெயர் ஏறியது என்று பாருங்கள். சுவருக்கும் அப்போது ஒரு கவனிப்பு வேண்டும். பாசி பிடித்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்து, கழுவி, உரிந்த இடத்தைச் சுரண்டி, மீண்டும் பூச வேண்டும். அதற்காக ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டரை இறுக மூடி, மூடியில் நிறத்தின் எண்ணும் வாங்கிய தேதியும் எழுதி, ஊரில் ஒரு பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு இறங்குங்கள்.